குமரி மாவட்டத்தில் வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பார்த்த அன்று சாயங்காலமே 2 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் 7 சென்ட், 12 வருடப் பழைய வீடு. முற்றத்தில் வருக்கைச் சக்கை (பலா) மரம், கிணற்றில் நல்ல தண்ணீர். என் மனைவிக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது" என்றார் புரோக்கர். ஆதாரத்தின் (சொத்துப் பத்திரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஜெராக்ஸ் என் கைக்கு வந்ததே அடுத்த வாரம்தான். மூன்று நான்கு மாதத்தில் முடிய வேண்டிய வேலை எனக்குப் பதினொரு மாதம் இழுத்தது. அந்த மாதங்கள் முழுக்க வாடகையும் கொடுத்தேன், அலைச்சலும் பட்டேன். அட்வான்ஸை விட்டுவிட மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. காகிதம் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் கையில் இருக்கும் பணத்தை எண்ணுங்கள்

விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் பதிவு நாளன்று நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். நீங்கள் கொடுக்கும் விலை, அந்த இடத்துக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்காகும். 40 லட்சம் ரூபாய் வீடு என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் அரசுக்குப் போகும். சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் வாங்கினால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் முதல் இது நடப்பில் இருக்கிறது. இப்போதெல்லாம் வீடு 10 லட்சத்துக்குள் கிடைப்பது அபூர்வம், ஆனால் சிறிய மனை வாங்குகிறவர்களுக்கு உதவும்.

வங்கி எவ்வளவு தரும்? கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம். இது உச்ச வரம்பு, அவ்வளவும் தந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்கு நீங்கள் பேசிய விலையைவிடக் குறைத்துத்தான் போடுவார். 40 லட்சம் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைத்தால்கூட உங்கள் பங்கு 8 லட்சம், பதிவு 3.60 லட்சம். இது போக வக்கீல், எழுத்தர், அளவைக்காரர், புரோக்கர், வங்கிச் செலவு எல்லாம் இருக்கிறது. 13 லட்சமாவது கையில் இல்லாமல் இந்த விலைக்கு இறங்க வேண்டாம். புரோக்கர் கமிஷனை முதல் நாளே பேசிவிடுங்கள். கடைசி நாளில் பேசினால் அவர் சொல்வதுதான் கணக்கு.

2. வீட்டை மழையில் பாருங்கள்

நம்ம ஊருக்கு இரண்டு மழை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. முடிந்தால் ஒரு மழைக்காவது அந்த இடத்துக்குப் போங்கள். பழைய வயலை மண்ணடித்து மேடாக்கிய மனைகள் நாகர்கோவிலைச் சுற்றி நிறையவே இருக்கின்றன. சித்திரையில் பார்த்தால் தெரியாது, மழையில் தெரியும். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணி எதுவரை வந்தது?" என்று கேட்டாலே போதும், சுவரைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். கடலோரம் என்றால் கிணற்றுத் தண்ணீரைக் கோடையில் குடித்துப் பாருங்கள்.

அப்புறம் பாதை. பெரிய புரையிடங்களை (வீட்டோடு சேர்ந்த தோட்ட நிலங்களை) பாகம் பிரித்து, பின்னால் இருப்பவருக்கு நடைபாதை விட்டே பல வீடுகள் உருவாகியிருக்கின்றன. ஆட்டோ போகிறது என்பதை நம்பாதீர்கள். அந்தப் பாதை எத்தனை அடி, யார் நிலத்தில் போகிறது, உங்கள் ஆதாரத்தில் பாதை உரிமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத பாதையை ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டி மறைத்தால் வழக்குப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

3. ஆதாரக் கட்டை முழுசாகக் கேளுங்கள்

விற்பவர் பெயரில் இருக்கும் கடைசிப் பத்திரம் மட்டும் போதாது. முன் ஆதாரங்கள் எல்லாம் வேண்டும், குறைந்தது 30 வருடத்துக்கு, கிடைத்தால் அதற்கும் முன்பிருந்து. ஒன்றிலிருந்து ஒன்று சங்கிலிபோல் வர வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு, கிரயமா (விற்பனை), பாகப்பத்திரமா (பங்கு பிரித்தது), இஷ்டதானமா (தானமாக எழுதிக்கொடுத்தது), உயிலா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கே அம்புக்குறி போட முடியவில்லையோ, அங்கேதான் சிக்கல்.

வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வாங்க வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய ஆதாரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள வருடக் கணக்கில் இருக்கும். 1121 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வந்துவிடும், அதாவது 1946 வாக்கில். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த வயதான ஆதார எழுத்தர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வங்கி வக்கீல் மொழிபெயர்ப்பைக் கேட்பார், அதனால் முன்கூட்டியே செய்து வையுங்கள். எனக்கு இதற்கே இரண்டு வாரம் போயிற்று. ஆனால் அந்த எழுத்தர் சொன்ன ஒரு வார்த்தை மறக்காது: "மக்கா, நீ வீட்ட வாங்கல, இந்தக் கட்டத்தான் வாங்குத."

அசல் கைவசம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கேயோ அடகில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் காவல் நிலையப் புகார், பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் என்று தனியாக ஒரு அலைச்சல் இருக்கிறது. அது முடிந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

4. வில்லங்கம், பட்டா, வரைபடம்

சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் நீங்களே பார்க்கலாம், பார்க்கக் காசு இல்லை. கம்ப்யூட்டரில் ஏறாத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் மாவட்டத்து ஆதாரங்களில் பழைய சர்வே எண் ஒன்றும், பிறகு மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண் ஒன்றும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரு எண்ணில் சுத்தமாக இருக்கும் சொத்து மற்ற எண்ணில் அடமானத்தோடு நிற்கலாம். அந்தக் கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் அங்கேயும் தேடுங்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். பதியாத உயில், முத்திரைத்தாளில் எழுதிய ஒத்தி (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பது), கோர்ட்டில் கிடக்கும் வழக்கு, இவை வராமல் போகலாம். வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நாகர்கோவில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் என்று சொத்து எந்தக் கோர்ட்டின் எல்லையில் வருகிறதோ அதையும் பாருங்கள்.

பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்பட வரைபடம் (நிலத்தின் அளவை வரைபடம்) எல்லாம் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் கிடைக்கும். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) என்று இருக்கும், நாம் பேசுவது சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். 7 சென்ட் என்றால் பட்டாவில் 2.83 ஏர் இருக்க வேண்டும். ஆதாரத்தில் 7, பட்டாவில் 6.5, நேரில் அளந்தால் 6.25 என்று வருவது சகஜம். மூன்றில் எது குறைவோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். சென்டுக்கு இத்தனை லட்சம் என்று பேசும் ஊரில் முக்கால் சென்ட் சின்ன விஷயமில்லை. தனியார் அளவைக்காரரை வைத்து, விற்பவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நிற்கும்போதே அளந்துவிடுங்கள்.

பட்டா கூட்டாக இருந்தால், அதாவது நாலு பேர் பெயரில் ஒரே பட்டா என்றால், உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். வாங்கிய பிறகு அந்த வேலை உங்கள் தலையில் விழும்.

5. யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

நான் சிக்கியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எனக்கு விற்றவரின் அப்பா 1994-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். 1996-ல் அண்ணன் தம்பி இருவரும் பாகப்பத்திரம் போட்டுக்கொண்டார்கள். பத்திரம் பதிவாகியிருக்கிறது, பட்டா மாறியிருக்கிறது, வில்லங்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு அக்கா. 1983-ல் நகையும் பணமும் கொடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டதால் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பம். பழைய திருவிதாங்கூர் வழக்கப்படி ஸ்ரீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கு கிடையாது என்றுதான் ஊரில் இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய சட்டம் 1951 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் சொல்லிவிட்டது. அதாவது அந்த அக்காவுக்கும் தம்பிகளுக்குச் சமமான பங்கு உண்டு. வங்கி வக்கீல் ஒரே வரியில் எழுதினார்: மகள் கையெழுத்து இல்லை, கடன் இல்லை.

அக்கா இருந்தது நெய்யாற்றின்கரைப் பக்கம். சண்டைக்காரர் இல்லை. "எங்கிட்ட இவ்வளவு நாளா யாரும் ஒரு வார்த்தை கேக்கல, இப்ப மட்டும் என்ன?" என்பதுதான் அவருடைய மனத்தாங்கல். அவர் மனசு இறங்க ஐந்து மாதமாயிற்று. தம்பி இரண்டு தடவை நேரில் போய்ப் பேசிய பிறகுதான் வந்தார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. விற்பவரின் அப்பா, அம்மா, தாத்தா யாராவது இறந்து அதன்வழி சொத்து வந்திருந்தால், வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் பங்கு எந்தப் பத்திரத்தில் போயிற்று என்று எழுதுங்கள். இந்துக் குடும்பம் என்றாலும் மகளை விட்டுவிட்டுப் போட்ட பாகப்பத்திரம் அதே தலைவலிதான். விடுபட்டவர் இருந்தால் இரண்டு வழி: தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்னாலேயே எழுதி வாங்குவது, அல்லது கிரயப் பத்திரத்திலேயே அவரும் விற்பவர்களில் ஒருவராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஒரே செலவில் முடிகிறது. பங்குதாரர்களில் மைனர் இருந்தால் கோர்ட் அனுமதி வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உரிமையாளர் வளைகுடாவில், பவர் (அவருக்குப் பதில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பது மச்சான். இதுவும் நம்ம ஊரில் அன்றாடம் பார்ப்பதுதான். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றையும் பதிவில் கேட்பார்கள். நீங்கள் அவரிடம் ஒருமுறையாவது வீடியோ காலில் பேசுங்கள். விற்பவர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் நீங்கள் பிடிக்க வேண்டிய வரியும் மாறும், 1 சதவீதத்தோடு நிற்காது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

6. வீட்டுக்குள் இருப்பவர் யார்?

வாடகைக்காரர் என்றால் சுலபம். ஒத்திக்காரர் என்றால் கவனம். 5 லட்சமோ 8 லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பவர், அந்தப் பணம் கைக்கு வராமல் இறங்க மாட்டார். அவர் இறங்காததில் நியாயமும் இருக்கிறது. பல ஒத்திகள் பதியாமல் வெறும் முத்திரைத்தாளில் இருப்பதால் வில்லங்கத்தில் வராது. அதனால் கதவைத் தட்டி நேரிலேயே கேளுங்கள், "அண்ணாச்சி, வாடகையா ஒத்தியா?" என்று. ஒத்தி என்றால், விலையிலிருந்து அந்தத் தொகையை நீங்களே நேராக ஒத்திக்காரர் கணக்குக்குச் செலுத்தி, ஒத்தி தீர்ந்ததாக எழுதி வாங்கி, சாவியையும் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவர் "நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்வதை ஏற்க வேண்டாம்.

7. வாங்கக்கூடாத, அல்லது யோசித்து வாங்க வேண்டிய இடங்கள்

தேவசம் நிலம், கோயில் நிலம்: அறநிலையத்துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பதிவாகாது. ஆதாரத்தில் ஸ்ரீபண்டாரவகை (பழைய கோயில் பண்டார நிலம்) என்ற சொல்லைப் பார்த்தால் நிறுத்தி, அது முறைப்படி பட்டாவாக மாறியிருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

மலையோரம்: தோவாளை, கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு தாலுகாக்களில் பல கிராமங்கள் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. அங்கே மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கூடுதல் அனுமதி வேண்டும். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட சர்வே எண் என்றால் ரப்பர்த் தோட்டத்து ஓரத்து ஐந்து சென்டை விற்கக்கூட மாவட்டக் குழுவின் அனுமதி தேவைப்படும்.

கடற்கரை: அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். இருக்கும் வீட்டை வாங்கலாம், இடித்துப் பெரிதாகக் கட்டும் ஆசை இருந்தால் முதலில் விசாரியுங்கள்.

அனுமதியில்லாத மனை: 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு பிரித்ததென்றால் அங்கீகாரம் இல்லாமல் பதிவே ஆகாது. மேல் மாடிக்குக் கட்டட அனுமதி வாங்காமல் கட்டியிருக்கிறார்களா என்பதையும் பேரூராட்சி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வங்கி மாடியை மதிப்பில் சேர்க்காது. நான்குவழிச் சாலைக்கோ ரயில்பாதைக்கோ நிலம் எடுக்கும் பட்டியலில் சர்வே எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் ஒரு வார்த்தை.

8. இப்போது அட்வான்ஸ்

இத்தனையும் பார்த்து, நம் தரப்பு வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகுதான் பணம். புரோக்கர் கொண்டுவரும் வக்கீல் வேண்டாம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். 20 ரூபாய்த் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: கெடு தேதி, ஆவணக் குறையால் முடியாமல் போனால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்ப வரும், விடுபட்ட வாரிசைக் கொண்டுவருவது யார் பொறுப்பு. என் ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் இல்லை.

பணம் எல்லாம் வங்கி வழியாக. சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் அந்தப் பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். "பாதி கறுப்பில் தாங்க" என்று கேட்கும் விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

9. வீட்டுக்கடன்

வங்கிக்கு ஆவணங்கள் கொடுத்த பிறகு, சட்டக் கருத்து, மதிப்பீடு, ஒப்புதல் எல்லாம் சேர்த்து மூன்று முதல் ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் சட்டக் கருத்துக்கு நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். அசல் ஆதாரங்களை வங்கியில் வைக்கும் எம்.ஓ.டி. பத்திரத்துக்குத் தனி முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் உண்டு. இதை யாரும் முன்னாடி சொல்வதில்லை.

10. பதிவு நாள்

எழுத்தர் தயாரித்த வரைவை முந்தின வாரமே வாங்கி, சர்வே எண், நான்கு எல்லை, அளவு, பாதை, உங்கள் பெயரின் எழுத்து எல்லாவற்றையும் விரல் வைத்துப் படியுங்கள். சொத்தின் புகைப்படத்தை அதன் இருப்பிடக் குறியீட்டோடு பத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது 2023 அக்டோபரிலிருந்து விதி. கட்டணத்தை ஆன்லைனில் கட்டி டோக்கன் எடுத்துக்கொள்ளலாம். ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு சாட்சிகள், முன் ஆதாரத்தின் அசல். வீடு இருக்கும் சொத்து என்பதால் கள ஆய்வு முடியும்வரை பத்திரம் நிலுவையில் இருக்கலாம், பதறாதீர்கள். வீட்டை மறைத்துக் காலி மனை என்று எழுதச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டால் பின்னால் குறைமதிப்பு நோட்டீஸ் வரும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் பிடித்து, நீங்களே வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். முகூர்த்த நாளைத் தவிர்த்தால் பாதி நேரம் மிச்சம். நாங்கள் நல்ல நாள் பார்த்துப் போய், காலை பத்து மணிக்கு உட்கார்ந்து சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கைரேகை வைத்தோம். அக்காவுக்கு நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

11. சாவி வாங்கிய பிறகு

பட்டா மாற்றம் பத்திரப் பதிவோடு தானாகவே போகும், உட்பிரிவு இருந்தால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் வரும். வீட்டு வரியை உள்ளாட்சியில் பெயர் மாற்றுங்கள், அதற்கு முன் பழைய பாக்கி இல்லை என்ற ரசீதை விற்பவரிடமே வாங்கிவிடுங்கள். மின் இணைப்பையும் உடனே மாற்றுங்கள். குடிநீர் இணைப்பு அதே அலுவலகத்தில் வரியோடு முடியும்.

புதிய பட்டா வந்ததும் திறந்து பாருங்கள். எனக்கு இனிஷியல் தப்பாக வந்திருந்தது. அதைத் திருத்த இன்னொரு ஒன்றரை மாதம்.